இரண்டு கூரைகளுக்கு நடுவில் அக்கா

அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் நினைவிருக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த இந்திப் படம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கடத்தல் கும்பலைத் துரத்திப் பிடிக்கிற கதை. பெரிய நடிகர் யாரும் கிடையாது. வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. எங்கள் தாராவி வீட்டில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

காரணம், அந்தப் படத்தில் என் அக்கா இருக்கிறாள். கதாநாயகிக்குப் பதிலாக ஓடியவள் அவள். சுவர் ஏறியவள், ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குத் தாவியவள் எல்லாம் அவள்தான். அந்தத் தாவலை இரண்டாம் தடவை எடுத்தபோது கூரை உடைந்து உள்ளே விழுந்தாள். தொடையெலும்பு முறிந்தது. சேர்ந்த எலும்பு கோணலாகச் சேர்ந்தது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. இப்போது ஐம்பது. இன்றும் இடது காலை ஒரு வீச்சு வீசித்தான் நடக்கிறாள்.

எங்கள் வீட்டில் யாரும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. படம் வந்தபோது நான் சின்னப் பெண். மாட்டுங்கா ரயில் நிலையத்துச் சுவரில் போஸ்டரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

போன வருடம் அது என் கைக்கு வந்தது. நான் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் பக்கத்து மேசையில் பாலக்காட்டு அம்மாள் ஒருவர். அவருடைய தம்பி ஒரு காலத்தில் மாட்டுங்காவில் வீடியோ லைப்ரரி வைத்திருந்தவர். முதலில் கேசட், பிறகு சிடி. கடையை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

"தம்பி ஆத்தை ஒழிச்சிண்டிருக்கான். பரண் முழுக்க சினிமாதான். ரத்திக்காரனுக்குப் போடறதுக்கு முன்னாடி வந்து பாருங்கோ, வேணுங்கறதை எடுத்துக்கோங்கோ," என்றார் அவர். பழைய பேப்பர்காரன் கைக்குப் போகுமுன் அம்மாவுக்குப் பழைய பக்திப் படம் ஏதாவது கிடைக்குமா என்றுதான் நான் போனேன்.

அட்டைப் பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது அது தட்டுப்பட்டது. இரண்டு தட்டுகள் கொண்ட விசிடி. அட்டையில் பெரிதாகக் கதாநாயகியின் முகம். அவள் தோளுக்குப் பின்னால், கட்டைவிரல் நகத்தளவில், இரண்டு கூரைகளுக்கு நடுவே அந்தரத்தில் ஒரு பெண். முதுகுதான் தெரிந்தது. இரட்டைப் பின்னலில் ஒன்று தோளுக்கு மேலே எழும்பி நின்றது. முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு தாவுகிற அந்தத் தாவலை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குடத்தோடு சாக்கடையைத் தாண்டும்போது அக்கா அப்படித்தான் தாண்டுவாள்.

அட்டையைப் பிடித்தபடி அந்தப் பரணுக்குக் கீழே நின்றேன். எடுத்துக்கொண்டு போவதா, வைத்துவிட்டுப் போவதா என்று புரியவில்லை. எடுத்துக்கொண்டேன். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். பால்வாடியில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. அங்கேதான் அவள் டீச்சராக இருக்கிறாள்.

"கொண்டுட்டு வாட்டி, பாப்போம்," என்றாள்.

"அம்மா?"

"அம்மாவும் இருக்கட்டும். இன்னும் எத்தன காலத்துக்கு வாசல்ல போயி உக்காருவா."

*

அந்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் படப்பிடிப்பு நடந்தது. கதாநாயகியாக நடித்த பெண் பெரிய இடத்துப் பிள்ளை. எங்கள் தெருவின் கூரைகளைப் பார்த்ததுமே அழுதுவிட்டாளாம். சண்டைப் பயிற்சி மாஸ்டர் அதே உயரத்தில் ஒரு பெண்ணைத் தேடினார். குழாயடியிலிருந்து குடத்தோடு ஓடிவந்த அக்கா அவர் கண்ணில் பட்டாள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயங்களில் எல்லாம் அவள்தான் முதலில் வருவாள். போலீஸ் வேலைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா முடியாது என்றாள். "பொம்பளப் பிள்ளைய அர நிக்கரு போட்டு ஓட விட்டா ஊர்ல இருந்து ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவானா?" என்றாள். அப்பாதான் சரி என்றார். அப்பா தோல் கிடங்கில் மூட்டை தூக்கினார். அதிகம் பேசாதவர். அக்கா ஓடுவதைப் பார்ப்பதற்காகக் கிடங்கில் பொய் சொல்லிவிட்டு மைதானத்துக்கு வந்து நிற்பார். படப்பிடிப்பு நடந்த நாட்களிலும் வேலைக்குப் போகாமல் தெருவிலேயே நின்றார். அக்காவின் செருப்பு அவர் கையில் இருக்கும்.

விழுந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள். முதல் தடவை தாவியது நன்றாகவே வந்ததாம். படக் கம்பெனிக்காரர்கள் இன்னொரு தடவை எடுத்தார்களாம். மாஸ்டர் வந்து அப்பாவிடம் கேட்டாராம். அப்பா தலையாட்டினாராம். அதைத் தெருவே பார்த்தது. முதல் தடவை இறங்கியபோதே பத்ராவில், அதாவது அந்தச் சிமெண்டுத் தகட்டில், விரிசல் விழுந்திருக்க வேண்டும். யாரும் ஏறிப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை, இறங்குவதற்காகக் கூரையில் விரித்திருந்த மெத்தையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டாள்.

கம்பெனிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், பழம் கொண்டுவந்தார்கள். பிறகு வரவில்லை. அக்கா கட்டோடு வீட்டுக்கு வந்தாள். மாதக்கணக்கில் படுக்கைதான். அம்மாதான் தூக்கினாள், துடைத்தாள், தலை பின்னிவிட்டாள்.

அப்பாவோடு அம்மா பேசுவதை நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. ஒரே ஒருநாள்தான் கத்தினாள். "நீரு தலைய ஆட்டாம இருந்திருந்தா எம்பிள்ள காலு நல்லா இருந்திருக்கும்," என்றாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவாள். துணி துவைத்து மடித்து வைப்பாள். பேச வேண்டியது எல்லாம் எங்கள் வழியாகத்தான். "ஏளா, ஒங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு." அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, "அப்பா, சாப்பிட வாங்க," என்பேன். அப்படியே நான் வளர்ந்தேன், எனக்குக் கல்யாணம் ஆயிற்று, செம்பூருக்கு வந்தேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்தவர்கள் அவள் நடையைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அப்பா ஒரு பகல் வேளையில் கிடங்கில் மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உடலைக் கொண்டுவந்து கிடத்தியபோது அம்மா அழுதாள். அப்போதும் அவரைப் பார்த்து எதுவும் சொல்லி அழவில்லை.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என் பழைய பிளேயரை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஒயர்களைச் சொருகும்போது, "என்ன படம்?" என்று கேட்டாள். அக்கா சொன்னாள். அம்மா எழுந்திருப்பாள் என்று நான் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. உடம்பைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பூண்டை உரித்தாள்.

படம் மோசமில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த நான்கு பிள்ளைகளும் உண்மையிலேயே பிள்ளைகளாக இருந்தார்கள். முகத்தில் பரு தெரிந்தது. அடி வாங்கினால் அழுதார்கள். குரலும் உதடும் ஒட்டவில்லைதான். நடுவில் காரணமே இல்லாமல் ஒரு பாட்டு வந்ததுதான். ஆனால் துரத்தல் என்று ஒன்று ஆரம்பித்ததும் படத்துக்கு உயிர் வந்துவிடும். எங்கள் தெருவை அது அழகாகவும் காட்டவில்லை, அசிங்கமாகவும் காட்டவில்லை. ஓடுகிறவனுக்கு வழி எங்கே இருக்கிறது என்று மட்டுமே கேமரா பார்த்தது. இந்தப் படம் ஏன் ஓடவில்லை என்று தெரியவில்லை. பிள்ளைகள் பார்க்கிற படம் என்று பெரியவர்களும், பெரிய ஹீரோ இல்லை என்று பிள்ளைகளும் விட்டிருப்பார்கள்.

"இந்தா, இது நானு," என்றாள் அக்கா.

கால்கள் மட்டும் ஓடின. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பிறகு முதுகு. பிறகு ஒரு சுவரின் மேல் கை ஊன்றி ஏறும் பெண். நடுநடுவே கதாநாயகியின் முகம் வேர்த்துப்போய் வந்து வந்து போனது. முகம் அவளுடையது, உடம்பு எங்கள் வீட்டுடையது. அக்கா கீழே உட்கார்ந்து கால்களை நீட்டி, கையைத் தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஓடிப் பார்த்து எத்தனை காலமாயிற்று! அவள் முகத்தில் வருத்தம் இல்லை. மைதானத்தில் வேறொரு பிள்ளை ஓடுவதைப் பார்க்கிற டீச்சரைப் போலக் கவனமாகப் பார்த்தாள்.

"முட்டிய இன்னும் தூக்கிருக்கணும்," என்றாள்.

அப்போதுதான் அது நடந்தது. தெருவில் கூட்டம் ஒதுங்குகிறது, வில்லனின் ஆட்கள் நுழைகிறார்கள். ஒதுங்கும் கூட்டத்தின் ஓரத்தில், சுவரோடு ஒட்டி, கோடு போட்ட சட்டையில் ஒருவர். மற்ற எல்லோரும் சொல்லிக்கொடுத்தபடி ஓடுகிறவர்களைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கையில் ஒரு ஜோடிச் செருப்பு.

"அப்பா!" என்றேன்.

அக்கா ரிமோட்டை அமுக்கினாள். படம் நின்றது. முகம் கலங்கிய கட்டங்களாக நின்றது. பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். ஓடும்போதுதான் தெளிவாகத் தெரிந்தார். எங்களிடம் அப்பாவின் படம் என்று இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒன்றும், என் கல்யாண ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் ஒன்றும்தான். அவர் போன பிறகு அவர் அசைந்து நாங்கள் பார்த்தது இல்லை. இங்கே கண் இமைத்தார். கூட்டம் தள்ள, ஒரு அடி பின்னால் வைத்தார்.

கட்டிலில் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா திரும்பி உட்கார்ந்திருந்தாள். பூண்டு மடியில் கிடந்தது. டிவியைப் பார்த்தாள்.

படம் ஓடியது. சிறிது நேரத்தில் அந்தத் தாவல் வந்தது. கேமரா கீழே தெருவில், அவள் முதுகுப் பக்கமாக இருந்தது. மேலே வெளுத்த வானம். ஒரு கூரையின் விளிம்பு, ஒரு இடைவெளி, இன்னொரு கூரையின் விளிம்பு. அந்த இடைவெளியைக் குறுக்காக அவள் கடந்தாள். முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது. பின்னல் எழும்பியது. அந்தப் பக்கம் இறங்கி, குனிந்து, நிமிர்ந்து, ஓடினாள். அவ்வளவுதான். ஒரு மூச்சு விடும் நேரம். இதற்காகவா என்று நினைத்தேன்.

"நல்லாத்தான இருக்கு," என்றேன் கோபத்தோடு. "இதுக்கு மேல என்ன வேணும் அவனுகளுக்கு? எதுக்கு இன்னொரு தடவ கேட்டானுக?"

அக்கா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவனுக கேக்கல," என்றாள். "நாந்தான் கேட்டேன்."

நான் புரியாமல் அவளைப் பார்த்தேன்.

"டைரக்டரு ஓகேன்னுட்டாரு. மாஸ்டரு கைதட்டுனாரு. எறங்கிப் போகலாம்னுட்டாக. நான்தான் மாஸ்டர்ட்ட போயி, ஏக் பார் அவுர்னு சொன்னேன். கண்ண மூடிட்டேன்ட்டி. தாவும்போது பயத்துல கண்ண இறுக்க மூடிட்டேன். முதுகுப் பக்கந்தான கேமரா, யாருக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும்லா. கண்ணத் தொறந்துக்கிட்டுத் தாவிப் பாக்கணும்னு இருந்துச்சு. மாஸ்டரு வேண்டாம்னாரு. ஒங்கப்பாட்ட கேக்கேன்னு எறங்கிப் போயிக் கேட்டாரு. அப்பா என்னைய அண்ணாந்து பாத்து, வேணுமாளான்னு கேட்டாக. ஆமாப்பான்னேன். தலைய ஆட்டுனாக."

படத்தில் பிள்ளைகள் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் குரல் கட்டிலிலிருந்து வந்தது.

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில வச்சே அப்பாட்ட சொன்னேன், அம்மாட்ட சொல்லிருதேன்னு. சொல்லாதன்னாக."

"எதுக்கு?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். "ஒங்கம்மாதான் ஒன்னயத் தூக்கணும், கழுவணும், எல்லாம் செய்யணும். ஒம்மேல கோவம் வந்துச்சுன்னா அவ கை கடுசாயிரும். கோவம் எம்மேல கெடக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்னாக."

"பொறவு? நீ எந்திரிச்சு நடந்த பொறவு?"

"பொறவும் கேட்டேன். அவ பழகிட்டா, இப்பப் போயி சொன்னா ரொம்ப ஒடஞ்சிருவா, விடுன்னுட்டாக. அவுக போன பொறவு எப்பிடிச் சொல்லுவேன்? நீயே சொல்லும்மா, எப்பிடிச் சொல்லுவேன்?"

அம்மா பூண்டுத் தோலைச் சேலையிலிருந்து தட்டிவிட்டாள். "டிவிய அமத்து," என்றாள். எழுந்து வாசலுக்குப் போனாள்.

முதல் தட்டு அப்படியே பிளேயருக்குள் இருந்தது. இரண்டாவதை நாங்கள் போடவில்லை. சாயங்காலம் நான் கிளம்பும்போது அம்மா ஒரு பையில் இரண்டு சேலைகளை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் செம்பூருக்கு வாறேன்," என்றாள். அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா கதவைப் பிடித்தபடி நின்று எங்களைப் பார்த்தாள். ரிக்‌ஷாவில் ஏறும்போது எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் மௌனம் எவ்வளவு காலம் நீளும் என்று எனக்குத் தெரியும்.

*

செம்பூரில் அம்மா சமையல் கட்டை எடுத்துக்கொண்டாள். என்னோடு பேசினாள். காய்காரன் ஏமாற்றுகிறான், மாடிப்படி வழுக்குகிறது, இந்த மாதிரி. அக்கா தினமும் எனக்குப் போன் செய்வாள். "மாத்திர போட்டாளா?" என்று கேட்பாள். நான் போனை நீட்டினால் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

ஒரு விடுமுறை நாளில் இருவரும் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். அம்மா தானாகவே பேசினாள்.

"ஒங்கப்பா வீட்டுக்குள்ள வரும்போது செருமுவாகல்லா?"

"ஆமா."

"எதுக்குத் தெரியுமா? வந்துட்டேன்னு எங்கிட்ட சொல்லுததுக்கு. நான் ஒருநா கூடத் திரும்ப மாட்டேன். அடுப்பப் பாத்துக்கிட்டே நிப்பேன்." ஒரு அவரைக்காயை எடுத்து நாரை உரித்தாள். "ஒருநா பூ வாங்கிட்டு வந்தாக. ஞாவகம் இருக்கா ஒனக்கு? மல்லிகப்பூ. எங்கிட்ட நீட்டல. அந்த மேசை மேல வச்சிட்டு நின்னாக. நான் ஒன்னயக் கூப்பிட்டு, இதச் சாமி படத்துக்குப் போடுன்னேன்."

எனக்கு ஞாபகம் இருந்தது. ஸ்டூலில் ஏறி முருகன் படத்துக்குப் போட்டேன். அப்பா அதைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

"என்னைய முட்டாளாக்கிட்டாக ரெண்டு பேரும்," என்றாள் அம்மா. அழவில்லை. "நல்லதுக்குத்தான் செஞ்சாக, செரி. எங்கிட்ட சொல்லிருந்தா நான் எம்பிள்ளைய வீசியா எறிஞ்சிருப்பேன்? எங்கைய நம்பலையே அவுக. நான் அப்பிடிப்பட்டவளா?"

அப்பா செய்தது பெரிய காரியம் என்றே இந்தச் சில நாட்களாக நினைத்திருந்தேன். அம்மாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிந்தது. அவர் சுமையைத் தூக்கிக்கொண்டார். அந்தச் சுமையின் மறுமுனையை அம்மாவும் தூக்கிக்கொண்டிருந்தாள், தூக்குகிறோம் என்று தெரியாமலேயே.

"நீ அப்பிடி இல்லம்மா," என்றேன். "அப்பா பயந்துட்டாங்க. அவ்வளவுதான்."

"ம்," என்றாள். இன்னொரு காயை எடுத்துக்கொண்டு, "எனக்கும் கோவக்காரின்னு பேருதான்," என்றாள்.

அக்கா ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் வந்தாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கீழிருந்து அவள் ஏறி வரும் சத்தம் அம்மாவுக்குத்தான் முதலில் கேட்டது. ஒரு காலடி அழுத்தமாக, ஒரு காலடி இழுத்து. அம்மா கதவைத் திறந்துகொண்டு படியருகே போய் நின்றாள். அக்கா தோளில் ஒரு பை. பிளேயரை நான் தாராவியிலேயே விட்டிருந்தேன், அதைச் சுமந்துகொண்டு வந்திருந்தாள்.

"கம்பியப் புடிச்சு ஏறுளா," என்றாள் அம்மா. "விழுந்து வைக்காத."

அவ்வளவு நாட்களுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்ததும் அம்மா சொன்னாள்: "ஒங்கப்பா வார எடத்தப் போடு."

நான் ஒயர்களைச் சொருகினேன். அக்கா தேடிப் போட்டாள். அம்மா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூட்டம் ஒதுங்கியது. கோடு போட்ட சட்டையில் அப்பா கேமராவைப் பார்த்தார், கண் இமைத்தார், ஒரு அடி பின்னால் வைத்தார்.

"இன்னொருக்க."

அக்கா மறுபடி போட்டாள்.

"இந்தச் சட்டைய அன்னைக்குக் காலம்பற நான்தான் எடுத்துக் குடுத்தேன்," என்றாள் அம்மா. "சினிமாக்காரன் முன்னால நிக்கப் போறிய, நல்லதாப் போட்டுட்டுப் போங்கன்னு. இது அதுக்கு முந்துன ஆளுல்லா. எங்கூடப் பேசிக்கிட்டிருந்த ஆளு."

அவள் அழுதது அப்போதுதான். நாங்கள் இருவரும் பக்கத்தில் போகவில்லை. அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"கண்ணத் தொறந்துக்கிட்டுத் தாவுனேல்லா, என்னளா தெரிஞ்சிச்சு?"

அக்கா யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"நம்ம தெருவு ஒரு கோடு மாதிரி இருந்துச்சும்மா. இம்புட்டுச் சின்னத் தெருவுலயா இருக்கோம்னு நெனச்சேன். தூரத்துல ரயிலு ஒண்ணு போச்சு. அம்புட்டுதான், கால் வச்சிட்டேன். சரியாத்தான் வச்சேன். மெத்த மேலதான் வச்சேன்."

"சரியாத்தான் வச்சிருப்ப," என்றாள் அம்மா. எழுந்து காப்பி போடப் போனாள்.

*

மறுநாள் காலை இட்லிக்குப் பிறகு இரண்டாவது தட்டைப் போட்டோம். இவ்வளவு பார்த்தோம், முடிவையும் பார்த்துவிடுவோம் என்று அக்காதான் சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். எங்கள் தெரு போய், கதை துறைமுகத்துக்கு வந்துவிட்டது. பீப்பாய்கள், கிரேன், வில்லனின் படகு. நான்கு பிள்ளைகளும் கொள்கலன்களின் மேல் ஏறி ஓடினார்கள்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. "இதெல்லாம் எப்ப எடுத்தாங்க?"

"நான் விழுந்த பொறவு," என்றாள் அக்கா. "கிளைமாக்ஸ் கடைசியிலதான் எடுப்போம்னு மாஸ்டரு சொல்லிருந்தாரு. எனக்குக் கூடப் பழக்கிக் குடுத்தாரு."

திரையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு கொள்கலனுக்குக் கொள்கலன் தாவிக்கொண்டிருந்தாள். அதே வெள்ளை ஷூ, அதே இரட்டைப் பின்னல். தோள் கொஞ்சம் அகலம். கைகளை இறக்கையைப் போல விரித்துத் தாவினாள். என் அக்கா இல்லை. அக்கா படுக்கையில் கிடந்தபோது வேறு எந்தத் தெருவிலிருந்தோ அவர்கள் கூட்டிவந்த வேறு ஒரு பெண். அவளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை.

அக்கா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் உயரமான ஒன்றின் மேலிருந்து கீழே குதித்தாள். அக்காவின் கை தானாகத் தரையை இறுக்கிப் பிடித்தது. திரையில் அவள் இறங்கினாள், உருண்டாள், எழுந்தாள். ஓட்டம் தொடர்ந்தது. அக்கா மூச்சை விட்டாள்.

"யாரு பெத்த பிள்ளையோ," என்றாள். "நல்லா ஓடுதா."

படம் முடிந்து எழுத்துகள் மேலே ஏறின. பெயர்கள் சின்னச் சின்னதாக, கலங்கலாக இருந்தன. சமையல்காரர் பெயர் இருந்தது, வண்டி ஓட்டியவர்கள் பெயர் இருந்தது. அக்கா டிவிக்கு அருகில் போய் முட்டி போட முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று, கடைசிவரை படித்தாள். அவள் தன் பெயரைத் தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"சண்டைன்னு போட்டுருக்க எடத்துல மாஸ்டரு பேரு மட்டுந்தான் இருக்கு. அந்தப் பிள்ள பேரும் இல்லட்டி," என்றாள்.